பின்னால் பார்க்கிற ஆள்

நாச்சாரம்,
27 ஜனவரி 2025

சாருலதாவுக்கு,

இருபது வருஷத்தில் உன்னை முழுப் பேர் போட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. ‘அன்புள்ள சாரு’ என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பொய் எழுத வரவில்லை. அதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி.

எட்டு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. நம் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டாய். மெயில் போட்டால் திறக்காமலே அழிப்பாய். அதனால்தான் இதைத் தாளில் எழுதி, திருமுல்கேரிக்கு வந்து உன் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பத்தொன்பதாம் தேதி நடந்த போட்டியின் அறிக்கையை சுபாஸ்ரீ எனக்கு அனுப்பினாள். தூரம் குறிக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்த நீ, அவள் படிக்கவும் செய்வாள் என்பதை மறந்துவிட்டாய் போல. வள்ளியம்மாள் பேருக்கு எதிரே நீ எழுதியிருப்பது இது: ‘விழுந்தபின் போட்டியாளர் கையை உயர்த்திச் சைகை காட்டவில்லை. பயிற்சியில் சொல்லித்தந்தபடி கயிற்றிலிருந்து விலகவுமில்லை. தகுதி நீக்கம்.’

அந்த அம்மா கையை உயர்த்தினார். கரையிலிருந்து நான் பார்த்தேன். வலது கை, முழங்கை நிமிர்ந்து, மூன்று மாசமாக நாச்சாரம் நீச்சல் குளத்தில் நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. ‘நான் விழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், என்னை வந்து எடுங்கள்’ என்பதற்கு அதுதான் அடையாளம். அதைப் பார்த்துப் படகோட்டியிடம் சொல்லவேண்டிய ஆள் படகில் இல்லை. ஏன் இல்லை என்று உன் அறிக்கையில் ஒரு வரி கூட இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விதிகளை எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர்ச் சறுக்கு என்றால் என்ன என்றே தெரியாதவர்களுக்கான போட்டி. காலில் இரண்டு பலகையும் கையில் கயிறும் கொடுத்து, படகு இழுக்கும்போது தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் எழுந்து நிற்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. விழுந்தால் மதிப்பெண் குறையாது. எல்லாவற்றுக்கும் முன்னால் நீயே உன் கையெழுத்தில் எழுதின முதல் விதி, பின்னால் பார்க்கிற ஆள் ஏறாமல் படகு நகரக்கூடாது என்பது.

அன்றைக்குப் பின்னால் பார்க்கிற ஆள் நான்தான். ஒன்பது பேரை அப்படிப் பார்த்து முடித்திருந்தேன். பத்தாவது வள்ளியம்மாள். நீ கரையிலிருந்து ஓடிவந்து, “ஸ்டெல்லா, ஒரே ஒரு ரவுண்டு இறங்கிக்கோ, கேமராக்காரர் ஏறட்டும்” என்றாய். அந்த ஆள் என் இருக்கையில் உட்கார்ந்து, படகோட்டி பின்னால் பார்க்கிற கண்ணாடியை மறைத்துத் தன் கேமரா ஸ்டாண்டை மாட்டினார். வள்ளியம்மாள் விழுந்ததை அவர் லென்ஸ் வழியாகப் பார்த்தார். நல்ல காட்சி என்று எடுத்துக்கொண்டே போனார். சொல்லவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

படகோட்டி ஸ்ரீனு கடைசி மிதவை வரை போய்த் திரும்பி அதே தடத்தில் வந்தான். தண்ணீரில் ஒரு தலை தெரிந்ததும் படகை ஒடித்துத் திருப்பினான். உயிர் பிழைத்தது அவன் கையால். ஆனால் பின்னால் இழுபட்டு வந்த கயிறு வீசி, அந்த அம்மாவின் இடது கையில் சுற்றியது. இரண்டு விரல் முறிந்துவிட்டது. மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. மல்லாபூரில் மாத்திரை அட்டை அடுக்குகிற வேலை அவருக்கு. விரல்தான் வேலை.

படம் உன்னிடம் இருக்கிறது. கை உயர்ந்தது அதில் தெரியும். நீ பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறாய்.

அறிக்கையைத் திருத்து. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஸ்டெல்லா


திருமுல்கேரி,
30 ஜனவரி 2025

ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்தது. வாட்ச்மேன் என்ன கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார்.

நீ எழுதியதில் ஒரு இடம் மட்டும் எனக்குப் புரியவில்லை. நான் இறங்கச் சொன்னேன், சரி. நீ இறங்கினாயே, அதை ஏன் இவ்வளவு வேகமாகத் தாண்டிப் போகிறாய்? நான் உன்னைப் பிடித்துத் தள்ளவில்லை. ‘விதி இருக்கிறது சாரு, இறங்க மாட்டேன்’ என்று நீ சொல்லியிருந்தால் அங்கே என்ன செய்திருப்பேன்? உன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாய். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மூன்று பக்கம் பேசுகிறாய்.

நான் ஏன் இறங்கச் சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லை. சொல்கிறேன். மாநிலச் சறுக்குச் சங்கத்துச் செயலாளர் பக்தவத்சலம் சார் அன்றைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி வந்திருந்தார். மாநிலப் போட்டியில் புதியவர்களுக்கென்று ஒரு பிரிவு வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அவர் வாசலில் நிற்கிறேன். “விழறவங்களுக்கு ஒரு போட்டியாம்மா?” என்று கேட்ட மனிதர். அவரே வந்து, “ஒரு நல்ல படம் இருந்தா கமிட்டியில போட்டுக் காட்டலாம்” என்றார். பின்பக்கம் பார்த்த இருக்கை படகில் ஒன்றுதான். நாற்பத்தாறு வயசில், முழங்கால் வலிக்கு நீச்சல் கற்க வந்து, அப்படியே தண்ணீர் மேல் எழுந்து நிற்கிற ஒரு பெண். அதைவிட நல்ல படம் எது? நான் எனக்காகவா செய்தேன்?

முதல் வருஷம் மூன்றே பேர் வந்தபோது, ஏரிக்கரையில் மோட்டார் படகு விடுகிற பையன்கள், “பர்த்டே பார்ட்டியா மேடம்?” என்று சிரித்தார்கள். இந்த வருஷம் முப்பத்து நான்கு பேர். ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பிலிருந்து மட்டும் பதினொரு பேர் கம்பெனி பஸ்ஸைப் பேசி எடுத்து வந்தார்கள். படகு, அனுமதி, உயிர்காப்பு ஜாக்கெட், டாக்டர், எல்லாவற்றுக்கும் யார் அலைந்தது? நீ ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பின்னால் பார்த்தாய். அவ்வளவுதான்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முதலில் போவது ஸ்ரீனுவின் லைசென்ஸ். இரண்டு குழந்தைகள் அவனுக்கு. அடுத்தது ஏரி. வள்ளியம்மாளின் விரல் ஆறு வாரத்தில் கூடிவிடும். ஏரியை மூடினால் அது மறுபடி திறக்காது. இதை யோசித்துத்தான் எழுதினேன். சந்தோஷமாக எழுதவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவை முழுவதும் கிளப் பார்த்துக்கொண்டது. அதையும் நீ எழுதவில்லை.

சாருலதா


நாச்சாரம்,
3 பிப்ரவரி 2025

சாருலதாவுக்கு,

விரல் கூடிவிடும். இதை எழுதும்போது உன் கை எப்படி ஓடியது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன்.

நீ சொன்னதில் ஒன்று உண்மை. நான் இறங்கினேன். பேசாமல் இறங்கினேன். அதைத் தாண்டிப் போகவில்லை, அதிலேயேதான் நிற்கிறேன். நீ அவசரத்தில் இருந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும், இவளிடம் இப்போது வாதாட முடியாது என்று தோன்றியது. இருபது வருஷமாக அப்படித்தான். அமீர்ப்பேட்டை ஹாஸ்டலில் ஜன்னலோரக் கட்டிலை நீ கேட்டபோது விட்டுக்கொடுத்தேனே, அதே மாதிரி அந்த இருக்கையையும் விட்டுக்கொடுத்தேன். கட்டில் என்னுடையது, விட்டுக்கொடுக்கலாம். இந்த இருக்கை தண்ணீரில் இருக்கிறவருடையது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நீ போடுவாயா?

சனிக்கிழமை மல்லாபூர் போனேன். வள்ளியம்மாள் கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் செல்லப்பா லேத் பட்டறை வேலையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க மிஸ். இந்த வயசுல இவளுக்கு என்னத்துக்கு இது? சொன்ன சைகையக்கூட ஒழுங்காக் காட்டலையாமே” என்றார். உன் முடிவுப் பட்டியலைக் குழுவில் போட்டிருக்கிறாயே, அவர் பிள்ளை அதைப் படித்துக் காட்டியிருக்கிறான்.

அவர் கை கழுவப் போனதும் வள்ளியம்மாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“மிஸ், நா கையத் தூக்குனேனா இல்லியா?”

“தூக்குனீங்க.”

“எனக்கும் தூக்குன மாதிரிதான் இருக்கு. ஆனா எழுதியே போட்டுட்டாங்கல்ல. படிச்சவங்க பொய்யாவா எழுதுவாங்க? பயத்துல தூக்காம விட்டுட்டேனோ என்னமோ.”

சாரு, அந்த அம்மாவுக்கு வலிப்பது விரல் இல்லை. தன் கையைத் தான் தூக்கினோமா என்பது ஒரு மனுஷிக்கே சந்தேகமாகிவிட்டது. நீ எழுதின மூன்று வரி செய்த வேலை அது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஸ்ரீனுவின் லைசென்ஸ் போய்விடும் என்று எழுதியிருந்தாய். அவனுக்காகத்தான் பொய் என்றால் அவனையே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். “மேடம் ஒக்க ரவுண்டே அன்னாரு. நேனு சரே அன்னானு. தப்பு நாதி கூடா அக்கா” என்றான். ஒரே ஒரு ரவுண்டு என்று மேடம் சொன்னாராம், சரி என்றானாம், தப்பு தன்னுடையதும்தானாம். யார் கேட்டாலும் இதையே சொல்வேன் என்கிறான். இனிமேல் அவன் பேரைச் சொல்லி ஒளியாதே.

வரும் திங்கள், பத்தாம் தேதி, சங்கத்துக்கு நான் எழுதப்போகிறேன். நான் இறங்கியதும் அதில் இருக்கும். அதற்கு முன்னால் நீ எழுதினால் எனக்கு வேலை மிச்சம்.

ஸ்டெல்லா


திருமுல்கேரி,
6 பிப்ரவரி 2025

ஸ்டெல்லா,

எழுது. பத்தாம் தேதி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நாளைக்கே எழுது. எனக்குத் தேதி குறித்துக் கொடுக்கிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய், நல்லது.

கட்டில் கதை வேறு. 2005-ல் கேட்ட கட்டிலை 2025-ல் திருப்பிக் கேட்கிறாய். இத்தனை வருஷம் அதை எங்கே வைத்திருந்தாய்? எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன விட்டுக்கொடுத்திருக்கிறாய் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. நான் உன்னிடம் எதையும் பிடுங்கியதாக நினைக்கவில்லை. சிநேகிதி கொடுக்கிறாள் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். அது என் முட்டாள்தனம்.

நீ எழுதப்போகிற கடிதத்தில் ஒன்று குறையாக இருக்கும். அது உனக்குத் தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அதையும் கண்டுபிடித்து ஒரு கடிதம் போடாதே.

நீ கரையிலிருந்து கத்தினாய். “விழுந்துட்டாங்க, படகை நிறுத்து” என்று. ஒலிபெருக்கி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குக் கேட்டது. மைக் என் கையில்தான் இருந்தது. பக்தவத்சலம் சார் பக்கத்தில் நின்று, “பரவாயில்லையே, நல்லா நின்னாங்களே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உன் குரலும் அவர் குரலும் ஒரே நேரத்தில் வந்தன. நான் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மைக்கில் வள்ளியம்மாளைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அந்த மைக்கிலேயே ‘ஸ்ரீனு, ஆபு’ என்று தெலுங்கில் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான்.

இரண்டு வாக்கியம். அவ்வளவு நேரம்தான்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள். என்னை மன்னிக்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இருக்கிறபடியேதான் இருக்கிறது. நீ அன்றைக்கு என்னிடம் ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சாருலதா


திருமுல்கேரி,
2 மார்ச் 2025

ஸ்டெல்லா,

என் கடைசிக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. சங்கத்துக்கு நீ எழுதியதன் நகல் மட்டும் வந்தது. அதில் மைக் விஷயத்தை நீ எழுதவில்லை. ஏன் விட்டாய் என்று தெரியவில்லை. எனக்கு இரக்கம் காட்டியதாக இருந்தால், அது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் போவதற்கு முன்பே நான் திருத்தி அனுப்பிவிட்டேன் என்று சொல்ல ஆசை. அப்படி நடக்கவில்லை. பக்தவத்சலம் சார் போன் செய்து, “அந்தப் படத்தை முழுசா அனுப்பும்மா” என்றார். அதற்கு அப்புறமும் இரண்டு நாள் ஆனது. பதினான்காம் தேதிதான் எழுதினேன். இருக்கை, கண்ணாடி, மைக், உயர்ந்த கை, எல்லாம் எழுதினேன். ஏரியின் அனுமதியை ஜூன் வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஸ்ரீனு நடந்ததை மறைக்காமல் சொன்னதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். மாநிலப் போட்டியில் புதியவர்கள் பிரிவு இந்த வருஷம் இல்லை. நான் கிளப் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன்.

இதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மல்லாபூர் போனேன். அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

திருத்திய அறிக்கையை எடுத்துப் போனேன். வள்ளியம்மாள் “உக்காருங்க” என்றார். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. செல்லப்பா டிவியை நிறுத்தினார். நான் முழுவதையும் படித்தேன். கை உயர்ந்தது என்ற வரியை வள்ளியம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். செல்லப்பா தரையைப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அந்த அம்மா விடவில்லை.

“அப்ப நா தகுதி நீக்கம் இல்லியே?”

“இல்லைங்க.”

“அப்ப எம்புட்டுத் தூரம் நின்னேன்?”

தகுதி நீக்கம் என்று எழுதியதால் யாரும் அளக்கவே இல்லை. அதைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. விரல் முறிந்ததற்கு வராத கோபம், பொய் எழுதியதற்குக்கூட வராத கோபம்.

“அளக்கலையா? மூணு மாசம் லீவு நாள்ல எல்லாம் அந்தக் கொளத்துல கெடந்தேன். தூரத்துக்குத்தான போட்டி வச்சீங்க. தூரத்த அளக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்க? போயி அளந்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.”

எழுந்து வந்துவிட்டேன். செல்லப்பா வாசல் வரை வந்து, “அவ அப்படித்தான், எதுவும் நெனச்சுக்காதீங்க” என்றார். நான் நினைக்கவில்லை. என்னை இந்த ஒரு மாசத்தில் யாரும் அவ்வளவு சரியாகத் திட்டவில்லை. நீயும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுபாஸ்ரீயை வைத்துக்கொண்டு படத்தை ஓட்டி மிதவைகளை எண்ணினோம். இரண்டு மிதவைக்கு நடுவே இருபத்தைந்து மீட்டர். மூன்று தடவை அளந்தோம். எண்பத்தொரு மீட்டர். முதலாவது வந்த டவுன்ஷிப் பையன் எண்பத்தேழு. அப்படியானால் வள்ளியம்மாள் இரண்டாம் இடம். அந்த இடத்தை அன்று நாம் ப்ரியாவுக்குக் கொடுத்திருந்தோம். போய்ச் சொன்னதும் அவள் உள்ளே போய்ப் பதக்கத்தை எடுத்து வந்து, “இதைத் துடைச்சுக் கொடுங்க ஆன்ட்டி, கைரேகை இருக்கு” என்றாள்.

நேற்று அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குக் காலையில்தான் கட்டுப் பிரித்திருந்தார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆறு மீட்டரா? முழங்கால இன்னும் மடக்கியிருந்தா நின்னிருப்பேன்” என்றார். அதன் பிறகுதான் “காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

சனிக்கிழமை நாச்சாரம் குளத்துக்கு மறுபடி வரப்போகிறாராம். என்னையும் வரச் சொன்னார். உன்னைக் கேட்காமல் வர எனக்கு மனமில்லை. வரட்டுமா? வந்து கரையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். பேச வேண்டும் என்றுகூட இல்லை.

சாரு


நாச்சாரம்,
5 மார்ச் 2025

சாரு,

மைக் விஷயத்தை நான் எழுதாமல் விட்டது இரக்கத்தால் இல்லை. அதை எழுதத் தொடங்கிய தாளையெல்லாம் கிழித்துப் போட்டேன். நீயே எழுதினாய், அது சரி.

அளந்ததும் சரி. பதக்கத்தை நீயே கொண்டுபோய்க் கொடுத்ததும் சரி. வள்ளியம்மாள் எனக்கு போன் செய்து எண்பத்தொன்று என்பதை நான்கு தடவை சொன்னார்.

நான் கத்தியது உனக்குக் கேட்டது என்று படித்த நாளிலிருந்து, உன் குரலைக் கேட்க என்னால் முடியவில்லை. போனில் உன் பேர் வந்தால்கூட அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். இது எப்போது போகும் என்று தெரியவில்லை. போகாமலே இருக்கலாம்.

சனிக்கிழமை அந்த அம்மாவோடு தண்ணீரில் நான் இறங்குகிறேன். விரலுக்கு உறை போட்டுக்கொண்டு, முதலில் மிதக்க மட்டும் விடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ வருவதில் வள்ளியம்மாளுக்கு ஆட்சேபணை இல்லை. என்னிடமும் சொன்னார், “வரட்டும் மிஸ், பாவம்” என்று.

அது அவர் மனசு. நான் சொல்கிறேன், நீ வர வேண்டாம்.

ஸ்டெல்லா